ஒரு 'ப்' குறைகிறது

உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் ஊர்ப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து 'ச்சு' கொட்டினால், அவர்தான். பஸ் வராத கவலை இல்லை. பலகையில் 'ர்'க்கும் 'பே'வுக்கும் நடுவே ஒரு 'ப்' இல்லை. அந்தத் துக்கம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இந்த வகையினரில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதே கிடையாது. மின்வாரியத்தில் கணக்கு எழுதியிருப்பார், உரக்கடை வைத்திருப்பார். சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா இருக்கும். அதைச் 'சிகப்பு' என்று சொல்லிவிட்டால் டீ ஆறிப் பாலேடு கட்டும்வரை விளக்கம் நடக்கும்.

"ஊர்க்குருவி, நீர்க்குடம், தேர்த்திருவிழா. 'ர்' முன்னால வல்லினம் வந்தா மிகணும். நன்னூல் படிச்சவன் ஒருத்தன்கூட அந்த ஆபீஸ்ல இல்லையா?" என்பார். ராணிப்பேட்டைக்கு 'ப்' உண்டு, சைதாப்பேட்டைக்கு உண்டு. பழைய தென் ஆற்காட்டில் நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த பரங்கிப்பேட்டைக்கும் உண்டு. பரங்கிக்காரன் பெயரில் இருக்கிற ஊருக்கே கொடுத்துவிட்டு நமக்கு மட்டும் இல்லை என்றால் வயிறு எரியாதா? டீக்கடையில் யாராவது ஓர் இளவட்டம், "ஜோலார்பேட்டைக்கும் இல்லையே ஐயா?" என்று கேட்டுவிடும். "ஜோலார்னா என்ன அர்த்தம்னு நீ மொதல்ல சொல்லு."

பேச்சு முற்றினால் தலபுராணம் வரும். ஊரை ஒட்டிய உளுந்தாண்டார்கோயிலின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். மிளகு மூட்டை ஏற்றி வந்த வணிகனிடம் சிவபெருமான் கிழவர் வேடத்தில் வந்து கொஞ்சம் மிளகு கேட்டார். அவன், இது உளுந்து என்று பொய் சொன்னான். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் உளுந்தாகிக் கிடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் இதில் கஞ்சத்தனத்துக்கு விழுந்த அடியைப் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது வேறு. "ஒரு சொல்லு மாறினதுக்கு மொத்தச் சரக்கும் மாறிப்போன ஊர்டா இது. இங்க போய் எழுத்துல அலட்சியமா?"

இந்த வாதத்துக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் 'விபத்து பகுதி' என்று பலகை பார்த்தால் எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். இவர் டிவிஎஸ் எக்ஸெல்லை நிறுத்தியேவிடுவார். 'விபத்துப் பகுதி' என்றல்லவா இருக்க வேண்டும்? பின்னால் அரியலூர் சிமெண்ட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வரும். விபத்துப் பகுதியில் விபத்தை உண்டாக்க இலக்கணம் போதும் என்று அன்று தெரிந்தது.

தேர்தல் வந்தால் வேலை கூடிவிடும். 2016 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் இந்தத் தொகுதியில் நின்றார். தொலைக்காட்சி வண்டிகள் வரிசைகட்டி வந்தன. ஊரே கேப்டனைப் பார்க்க ஓடியபோது இவர் சுவர் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'முரசு சின்னத்தில்' என்று எழுதியிருந்தது. 'முரசுச் சின்னம்' என்று வர வேண்டும். முடிவு வந்தது. கேப்டன் மூன்றாம் இடம், டெபாசிட்டும் போயிற்று. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் இவர். டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இரட்டை இலை சின்னம்னுதான் அவங்களும் எழுதியிருந்தாங்க. அதுலயும் உங்க 'ச்' இல்ல. ஜெயிச்சிட்டாங்களே?" ஐயா அன்று இரண்டாவது டீ சொல்லவில்லை.

'விலையில்லா' மிக்சி வந்த 2011இல், விலை இல்லாததா, விலைமதிப்பே இல்லாததா என்று ஒரு மாதம் ஓட்டினார். தமிழகமா தமிழ்நாடா என்று 2023 ஜனவரியில் ஆளுநர் கிளப்பியபோது ஒரு வாரம். அதெல்லாம் சில்லறை. முதல் போட்டது ஒற்றில்தான்.

2020 ஜூனில், ஊரடங்குக்கு நடுவே, 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத அரசாணை வந்தது. ஆங்கிலத்திலும் எக்மோர் எழும்பூராகவே ஆகப்போகிறது என்றதும் இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆங்கிலத்தையே திருத்துகிறார்கள், தமிழைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? முகக்கவசத்தோடு உட்கார்ந்து அஞ்சலட்டை எழுதினார். ஒரு வாரம் போல ஆயிற்று, அரசாணையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

சொந்த வீட்டில் மட்டும் அந்த 'ப்' உண்டு. இவர் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவின் கழுத்தில் 'உளுந்தூர்ப்பேட்டை, தெ.ஆ.' என்று வெட்டியிருக்கிறது. எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலம் அது. மாமனார் 'ப்' இல்லாமல்தான் எழுதிக் கொடுத்தாராம். மாப்பிள்ளை கடைக்கே போய் ஓர் எழுத்துக் காசு கூடக் கொடுத்து அதைச் சேர்த்து வெட்டவைத்தாராம். அந்தத் தெ.ஆ. 1993இல் விழுப்புரமாயிற்று. விழுப்புரம் 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியாயிற்று. இரண்டு மாவட்டங்களைத் தாண்டி அண்டாவும் 'ப்'பும் அப்படியே இருக்கின்றன. வீட்டம்மா அதில்தான் வெந்நீர் போடுகிறார். புளி போட்டுத் தேய்க்கும்போது அந்த இடத்தை மட்டும் இவரே வாங்கித் தேய்த்துக் கொடுப்பார். அதைப் பார்க்கிறவருக்கு இவர்மேல் கோபமே வராது.

கோபம் டிபன் கடையில் வரும். கரும்பலகையில் 'தயிர் சாதம், தக்காளி சாதம்' என்று கடைக்கார அம்மா சாக்பீஸால் எழுதியிருந்தது. நாலு வருஷமாக அப்படித்தான். யாரும் தப்பாகப் புரிந்துகொண்டு இட்லி கேட்கவில்லை. இவர் போனார். சாக்பீஸை வாங்கினார். தயிருக்கும் சாதத்துக்கும் நடுவே ஒரு 'ச்' செருகினார், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. மறுநாள் பலகையில் இரண்டே சொல்: 'வெரைட்டி ரைஸ்.'

பிளக்ஸ் கடைப் பையனும் இதே முடிவுக்கு வந்துவிட்டான். 'வாழ்த்துக்கள்' போட்டால் 'க்' எதற்கு என்பார். அதை எடுத்தால் 'மஞ்சள் நீராட்டு விழா'வில் ஒட்டு எங்கே, பிரிவு எங்கே என்று பிடிப்பார். பையன் பாமினி எழுத்துருவை மூடி வைத்துவிட்டு 'ஹேப்பி பர்த்டே'க்குத் தாவிவிட்டான். "அதுல ஒற்று கெடையாது சார், தொந்தரவு இல்ல" என்கிறான். கடைப் பலகையில் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்று அரசு விதி இருக்கிறது. இந்தத் தெருவில் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியதில் ஐயாவின் சிவப்புப் பேனாவுக்குப் பங்கு உண்டு. தமிழ் தெரியாதவர்கள் இதைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெருச் சாக்கடை அடைத்து, மழைத்தண்ணீர் வாசற்படி ஏறியது. முப்பது வீட்டார் சேர்ந்து மனு எழுதினார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையெழுத்துக்கு இவரிடம் சனிக்கிழமை போன தாள் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. 'கழிவுநீர் கால்வாய்' பதினோரு இடத்தில் 'கழிவுநீர்க் கால்வாய்' ஆகியிருந்தது. தாள் முழுக்கச் சிவப்பு. கையெழுத்தை மட்டும் காணோம். கேட்டால், "படி எடுத்துட்டு வாங்க, போடறேன்" என்றார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுக்கக் கணுக்கால் தண்ணீரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின.

போன மாதம் விழுப்புரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் இவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டம். கண்டக்டர் மெஷினைத் தட்டிக்கொண்டே வந்து, "எங்க பெரியவரே?" என்றார்.

"உளுந்தூர்பேட்ட ஒண்ணு குடுப்பா."

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஐயாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டிக்கெட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதில் ஊர்ப்பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தார்.