பம்பைக் கழற்ற முன்

தோப்பூர் வாசகர்: நானா, பழைய ஜெர்மன் கார் வைத்திருக்கிறேன். எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0418. புகையைக் குறைக்கும் காற்றுப் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பொறுங்கள் தம்பி. அந்தக் கோட் பம்பைக் குறை சொல்லவில்லை. பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயின் கட்டுப்பாட்டு லைனில் கோளாறு என்கிறது. பி0411 வந்திருந்தால் காற்றோட்டம் சரியில்லை என்று அர்த்தம். அப்போது பம்ப், ஹோஸ், வால்வு பக்கம் போகலாம். இப்போது ரிலேயைக் கழற்றி 85, 86 கால்களில் மீட்டரை வையுங்கள். பெரும்பாலான ரிலேகளில் 50 முதல் 120 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. ரிலே விலையோடு வேலை முடியும்.

மூதூர் வாசகர்: பம்ப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறது. பம்ப் சுற்றவில்லை. அப்போது பம்ப்தானே பழுது?

நிறையப் பேரின் காசு வீணாவது இந்த இடத்தில்தான். பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தால் அது இழுப்பது துளிக் கரண்ட். பம்ப் இழுப்பதோ 30 அம்பியர் அளவில். கொட்டியாரக் குடா உப்புக்காற்றில் பச்சை பூத்த வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்தப் பிளக்கில் கொழுவிப் பாருங்கள். மங்கினால் வயரையும் எர்த்தையும் தேடுங்கள். பளிச்சென்று எரிந்தால் பிளக்கைத் திரும்பக் கொழுவி, பம்புக்குக் கரண்ட் விட்டபடியே வோல்ட்டை அளந்து பாருங்கள். அப்போதும் 12க்குக் கிட்ட நின்று பம்ப் அசையாவிட்டால் பம்பைக் குறை சொல்லலாம்.

கிண்ணியா வாசகி: மத்தியானம் பார்த்தால் பம்ப் சுற்றுவதே இல்லையே?

அதன் வேலை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் ஓரிரு நிமிடம்தான். எரியாமல் வெளியேறும் பெட்ரோலையும் கார்பன் மொனொக்சைட்டையும் எக்ஸோஸ்டிலேயே எரிக்கக் காற்றுக் கொடுக்கும். கற்றலிட்டிக் கொன்வேர்ட்டரும் சீக்கிரம் சூடாகும். இரவு முழுக்க நின்ற காரை விடியற்காலையில் பாருங்கள் தங்கச்சி.

அதே வாசகி: புகைப் பரிசோதனையில் பெயிலாகுமா?

2008 முதல் இங்கே நடக்கும் அந்தப் பரிசோதனையை எஞ்சினைச் சூடாக்கித்தான் செய்ய வேண்டும். அந்த நேரம் பம்ப் ஓய்வில் இருக்கும். புகை அளவு கூடினால் ஒட்சிசன் சென்சர், ஸ்பார்க் பிளக், கொன்வேர்ட்டரைப் பாருங்கள்.

சேருவில வாசகர்: புதுப் பம்ப் ஆறு மாதத்தில் மீண்டும் போய்விட்டது.

பழையதைக் கழற்றிக் குலுக்குங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் ஒருவழி வால்வு அடைக்கவில்லை. எக்ஸோஸ்டின் ஈரம் திரும்பி வந்து மோட்டாரைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, சூடான பிறகும் பம்பை ஓடவிட்டிருக்கலாம். வால்வு, ரிலே இரண்டையும் சரிபார்த்த பிறகே அடுத்த பம்பை வாங்குங்கள்.