கொல்லைப்புறத்துச் சாலிம் அலி

பணி ஓய்வு பெற்ற மறுமாதம் சிலர் கோயில் கமிட்டியில் சேருகிறார்கள். சிலர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆகிறார்கள். இரண்டிலும் இடம் கிடைக்காதவர் பைனாகுலர் வாங்குகிறார்.

தாம்பரத்தைத் தாண்டினால் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். பச்சை முழுக்கைச் சட்டை, வட்டத் தொப்பி, பையில் பறவையியலாளர் சாலிம் அலியின் புத்தகம். முதுமலைக்குப் புறப்பட்ட கோலம். போகிற தூரம் என்னவோ சமையலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல் வரைதான். பைனாகுலர் ஒருநாள் எதிர்வீட்டு மொட்டைமாடிப் பக்கம் திரும்பிவிட, பஞ்சாயத்தே கூடியது. "மரங்கொத்திங்க" என்றார். யாரும் நம்பவில்லை. அங்கே நிஜமாகவே மரங்கொத்தி இருந்தது; அது தனிச் சோகம்.

மரங்கள் விஷயத்தில் இவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. காம்பவுண்டு ஓரம் ஒல்லியாக நிற்பதை யாராவது அசோக மரம் என்றால் தீர்ந்தது. "அது நெட்டிலிங்கம் சார். அசோகம் வேற, கொத்துக்கொத்தா ஆரஞ்சுப் பூ பூக்கும். சீதை இதுக்கடியில உட்கார்ந்திருந்தா நிழலே கிடைச்சிருக்காது." சொல்வது சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

போன கோடையில் செம்பருத்தியில் தையல்சிட்டு கூடு கட்டியது. இலையின் இரு ஓரத்திலும் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்து, கால்சட்டைப் பை மாதிரி தைத்திருந்தது. அன்றே வீட்டில் தடையுத்தரவு: செம்பருத்திப் பூ பறிக்கக் கூடாது. "சாமிக்குப் பூ வேணாமாங்க?" என்றார் மனைவி. குஞ்சுகள் பறக்கும்வரை சாமி துளசியோடு சமாளித்துக்கொண்டது.

இவருடைய உண்மையான ஏக்கம் அபூர்வப் பறவை. ஒரு காலை வாட்சப் குழுவில் படம் போட்டார்: பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், வாலில் பட்டைகள், ரத்தச் சிவப்புக் கண். "வலசை வந்த கழுகினமோ? சென்னையில் முதல் பதிவா?" கல்லூரிப் பையன் ஒருவன் உடனே பதில் போட்டான்: "பெண் குயில், அங்கிள்." கறுப்பு நிறமும் 'கூஊ' பாட்டும் ஆணுக்கு. பெண் புள்ளிச் சேலையில் வந்து, பப்பாளியைக் குடைந்துவிட்டு, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேரை இது ஒருமுறையாவது கவிழ்த்திருக்கும்.

ஆனால் மனிதர் அசரவில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, இ-பேர்டு தளத்தில் பட்டியல் ஏற்ற வேண்டும். இந்த வருடம் இவர் எண்ணத் தொடங்கிய நேரம் பார்த்துத்தான் வாசலில் பானை பொங்கியது.

"என்னங்க, வாங்க!"

"இன்னும் ஏழு நிமிஷம்!"

பேரப்பிள்ளைகள் தட்டைத் தட்டிப் 'பொங்கலோ பொங்கல்' என்று கூவியதில் தவிட்டுக்குருவிக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. ஏழா எட்டா என்று கடைசிவரை தெரியவில்லை. காகம் 14, மைனா 4 என்று ஏற்றியவர், 'குயில் 1' என்று போட்டுப் பக்கத்தில் குறிப்பும் எழுதினார்: "பெண். ஐயமில்லை."