மார்ஷம் தெருவுக்கு ஒரு மனு

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம்,
2, மார்ஷம் தெரு, லண்டன்.

பொருள்: மாணவர் விசா விதிகளைப் பாராட்டுவதும், விளக்கம் கோருவதும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தாலுகா ஆபீஸிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். மூத்த மகள் உங்கள் ஊரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். மக்களை அலையவிடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்றொரு கர்வம் எனக்கு இருந்தது. உங்கள் விதிகளைப் படித்ததும் அது அடங்கிவிட்டது.

நாங்கள் சொத்து மதிப்புச் சான்று கேட்போம், வாங்கி ஃபைலில் கட்டுவோம், அதோடு விட்டுவிடுவோம். நீங்களோ லண்டனில் மாதச் செலவு 1,529 பவுண்ட் என்று கணக்குப் போட்டு, ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்ட், கல்விக் கட்டணம் தனி, எல்லாம் வங்கியில் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும் என்கிறீர்கள். கோழிகூட 21 நாளில் குஞ்சு பொரித்துவிட்டு எழுந்து போய்விடும். நடுவில் ஏதோ ஒரு ஈ.எம்.ஐ. பிடித்து ஒருநாள் தொகை குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பணம் அப்பா, அம்மா பெயரில் இருக்கலாம், பெரியப்பா பெயரில் இருந்தால் செல்லாது. எங்கள் வீட்டில் காசு இருப்பதே பெரியப்பாவிடம்தான். அவர் எனக்குக் கைமாற்றாகக் கொடுத்து, 28 நாள் கழித்து வாங்கிக்கொண்டால்? இதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை விதிக்குத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். வாரமென்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30, சராசரி 20 என்ற பேச்சே எடுபடாது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் சேரும். கோடையில் பி.எஸ்ஸி. பிள்ளைகள் லீவு என்று முழுநேரம் வேலைக்குப் போகிறார்கள். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கோ அது ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பறை பூட்டிக் கிடந்தாலும் பாடம் நடப்பதாகவே அர்த்தம். இவ்வளவு அழகான ஒரு விதியை என் சர்வீஸில் நான் எழுதியதில்லை.

சொந்தத் தொழிலும் கூடாது. ஆகவே ஹாஸ்டல் அடுப்பில் இட்லி அவித்துப் பக்கத்து அறைகளுக்கு விற்க ஆரம்பித்தால் வம்பு. கலைஞராகச் சம்பாதிக்கவும் கூடாது. பொங்கல் விழாவில் பறை அடித்தால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் சால்வைதான் போர்த்துவார்கள். சால்வை வருமானமா என்று தெரிவிக்கவும். தொழில்முறை விளையாட்டு வீரராவதற்கும் தடை. அந்தப் பயம் வேண்டாம், என் மகளுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஹெல்த் சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்ட், விண்ணப்பிக்கும்போதே கட்டியாயிற்று. அதன்பிறகும் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குத் தனிக் காசு. விசா அட்டையையும் 2024 முடிவோடு ஒழித்துவிட்டீர்கள். வீட்டுக்காரர் விசாவுக்கு ஆதாரம் கேட்டால் இணையத்தில் ஷேர் கோடு எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கும் 90 நாள்தான் ஆயுள்.

2024 ஜனவரியிலிருந்து, ஆய்வுப் படிப்புக்காரர்கள் தவிர மற்ற முதுகலை மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளைப் புதிதாக அழைத்துவர முடியாது. படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு தங்கி வேலை பார்க்கலாம் என்றீர்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு, பிஎச்.டி. முடித்தவர்கள் நீங்கலாக, அது 18 மாதம். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் அரசாங்கத்தின் உள்ளக்கிடக்கை இந்தக் கிழவனுக்குப் புரிந்துவிட்டது: காசு வந்தால் தங்கணும், ஆள் வந்தால் கிளம்பணும்.

ஆகவே, காசுக்கு மட்டும் தனியாக ஒரு விசா வகை ஏற்படுத்தித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். இளையவள் ப்ளஸ் டூ முடிக்கப்போகிறாள். கட்டணமும் சர்சார்ஜும் லண்டனுக்கு வந்து சேரும். அவள் மணப்பாறையில் இருந்தபடியே படித்துக்கொள்வாள். மணிக்கணக்கு பார்க்கும் சிரமம் உங்களுக்கும் மிச்சம். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் தெரிவித்தால் என் அண்ணனிடம் இப்போதே சொல்லிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியன்,
மணப்பாறை.