விழுந்த தட்டு யார் கணக்கில்? எறிதலும் பிடித்தலும் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

இருவர் பத்துத் தப்படி இடைவெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள். நடுவில் 175 கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு மணலில் குப்புறக் கிடக்கிறது. அது மணலைத் தொட்ட அதே நொடியில் இரண்டு குரல்கள் எழுந்தன. ‘நேரா போடுடா!’ என்றது ஒன்று. ‘கைக்கே வந்துச்சே, பிடிக்க வேண்டியதுதானே!’ என்றது மற்றொன்று. இவ்விரு கூற்றுகளில் எது மெய் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

விஷயம் அற்பமானது என்று நினைப்பவர்கள் ‘அல்டிமேட்’ ஆட்டத்தை அறியாதவர்கள். 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட களம். இரு முனைகளிலும் 18 மீட்டருக்கு எல்லைப் பகுதி. அணிக்கு ஏழு பேர். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் நிற்கும் தம் ஆள் தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி. தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றியபடி சுழலலாம், அவ்வளவுதான். முன்னால் மறித்து நிற்பவர் ஒன்று முதல் பத்து வரை உரக்க எண்ணுவார். பத்தைச் சொல்லத் தொடங்குவதற்குள் தட்டு கையை விட்டிருக்க வேண்டும். ஆக, ஆட்டத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டே: எறிவது, பிடிப்பது. இரண்டில் எது கெட்டாலும் தட்டு எதிரணிக்குப் போய்விடும். யாருடைய தப்பு என்று விதிப் புத்தகம் கேட்பதில்லை. புள்ளிவிவரம் எழுதுகிறவர் மட்டும் ‘த்ரோஅவே’ என்று ஒரு கட்டமும் ‘டிராப்’ என்று ஒரு கட்டமும் போட்டு வைத்திருக்கிறார். அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோட்டின் மேல்தான் பல நட்புகள் தடுக்கி விழுகின்றன.

கருதுகோள்: தட்டு விழும்போது, தம்மைத் தவிர மற்ற அனைவரும் அனைத்தும் அதற்குக் காரணம் என்று இரு தரப்பாரும் உளமார நம்புகின்றனர்.

ஆய்வு எல்லை: புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் மட்டும். மொட்டை மாடியில் நிகழும் எறிதல்கள், பக்கத்து வீட்டாருடன் தொடர்புடைய பிற சிக்கல்களை எழுப்புவதால், சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

முன்னாய்வுகள்

இத்துறையில் அறிஞர்கள் கை வைக்காத இடமில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில் வில்லியம் ரஸ்ஸல் ஃபிரிஸ்பி 1871-இல் தொடங்கிய பேக்கரியின் தகரத் தட்டுகளை அருகிலிருந்த யேல் பல்கலைக்கழக மாணவர்கள் வீசி விளையாடினார்கள் என்பது துறையின் தொன்மரபு. 1930-களின் இறுதியில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் ஃபிரெட் மாரிசன் என்ற இளைஞர் தம் காதலியோடு கேக் தட்டு ஒன்றை வீசிக்கொண்டிருந்தபோது, பார்த்தவர் ஒருவர் அதை 25 சென்டுக்குக் கேட்டார். கடையில் அதன் விலை ஐந்து சென்ட். எறிதலில் லாபம் உண்டு என்று ஐயந்திரிபற நிறுவிய முதல் கள ஆய்வு அது. மாரிசன் 1955-இல் வடிவமைத்த ‘புளூட்டோ பிளாட்டர்’ என்ற பிளாஸ்டிக் தட்டை 1957-இல் வாம்-ஓ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அதற்கு ஃபிரிஸ்பி என்று பெயரும் சூட்டியது. 1968-இல் நியூஜெர்சி மாநிலத்தின் மேபிள்வுட்டில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதை வைத்து ஓர் அணி ஆட்டத்தையே உருவாக்கி, பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் விளக்கொளியில் ஆடினார்கள். அல்டிமேட் பிறந்த கதை இது.

பிறகு பெரியவர்கள் வந்தார்கள். போர்க்களத்தில் இரவு வெளிச்சத்துக்கான எரிசுடர்களைத் தட்டில் வைத்துப் பறக்கவிட முடியுமா என்று அமெரிக்கக் கடற்படை ஆராய்ந்தது. காற்றுச் சுரங்கத்தில் தட்டைச் சோதித்தார்கள். வீசுவதற்கென்றே இயந்திரமும் செய்தார்கள். எரிசுடர் பொருத்திய தட்டைப் பிடிக்க எவரும் முன்வரமாட்டார் என்பதால் அந்த ஆய்வு நம் சிக்கலுக்குப் பயன்படாது. 1975-இல் ஸ்டான்சில் ஜான்சன் ஃபிரிஸ்பி பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அவர் தொழிலால் மனநல மருத்துவர். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2003-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சாரா ஹம்மல், தட்டின் பறத்தலையும் எறிபவர் கையின் இயக்கத்தையும் கணக்கிட்டு முதுகலை ஆய்வேடு அளித்தார்.

இந்த உழைப்பில் ஒரு சாய்வு உண்டு. ஏறக்குறைய எல்லாருமே தட்டு எப்படிப் பறக்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் நிற்கிற மனிதரைப் பற்றி அநேகமாக யாரும் கவலைப்படவில்லை.

முதல் தரப்பு: எறிந்தவர்

அடிப்படை எறிதல் பேக்ஹேண்ட். கட்டைவிரல் தட்டின் மேலே. மற்ற நான்கு விரல்களும் அடியில் மடங்கி விளிம்பின் உட்புறத்தைப் பற்ற வேண்டும். வலக்கைக்காரர் பக்கவாட்டில் திரும்பி, வலக்காலை முன்வைத்து, தட்டை இடுப்பின் இடப்பக்கம் வரை கொண்டுபோய், கிடைமட்டமாக இழுத்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைச் சொடுக்கி விடுகிறார். எழுதுவதற்கு எளிது. நடைமுறையில், புதியவர் இந்தப் பட்டியலில் ‘மணிக்கட்டு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மீதி அனைத்தையும் தோளால் செய்கிறார்.

தோளால் வேகம் வரும், சுழற்சி வராது. இந்தத் தட்டைக் காற்றில் நிறுத்துவது சுழற்சிதான். பறக்கும் தட்டைக் காற்று தாங்குகிற புள்ளி பெரும்பாலும் அதன் நடுவில் இருப்பதில்லை. சற்று முன்தள்ளியே இருக்கிறது. சுழலாத தட்டு என்றால் முன்விளிம்பு எம்பி, மல்லாந்து விழுந்துவிடும். சுழலும் தட்டில் அதே உந்துதல் கால் வட்டம் தள்ளிப் பலன் தருவதால், மூக்கு எம்புவதற்குப் பதில் தட்டு மெல்லப் பக்கவாட்டில் சாய்கிறது. சுழற்சி மிகுந்தால் சாய்வு தாமதமாகும். வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். வேகம் குறையும் இறுதிக் கட்டத்தில் இடப்பக்கம் ஒதுங்கும். தட்டு எப்போதும் தாழ்ந்திருக்கும் விளிம்பின் பக்கமே திரும்பும் என்பதால், விடும்போதே சாய்த்து விட்டவர் பிறகு யாரிடமும் முறையிட முடியாது.

இரண்டாவது எறிதல் ஃபோர்ஹேண்ட். ஆடுகிறவர்கள் ஃப்ளிக் என்பார்கள். உள்ளங்கை வானம் பார்க்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தட்டின் அடியில்; நடுவிரல் விளிம்பின் உட்புறத்தை அழுத்திக்கொண்டிருக்கும். முழங்கை இடுப்பருகே இருக்க, மணிக்கட்டு மட்டும் வெடுக்கென்று முன்னே வர வேண்டும். புதியவர் கையில் இது படபடவென்று அடித்துக்கொண்டு போய்ப் பாதி வழியில் ஒருக்களித்து உருளும். அடுத்த முறை அவர் செய்வது இன்னும் பலமாக வீசுவது. அது இன்னும் வேகமாக உருளும்.

மூன்றாவது ஹாமர். தலைக்கு மேலிருந்து வீச, தட்டு காற்றில் தலைகீழாகப் புரண்டு இறங்கும். முதல் இரண்டையும் கற்றபின் கடைசியாகக் கற்க வேண்டியது. ஆனால் முதல் நாளே எல்லாரும் முயல்வது இதைத்தான்.

இதுவரை கிடைத்த சான்றுகள் எறிந்தவருக்குப் பெரிதும் பாதகமாகவே உள்ளன.

இரண்டாம் தரப்பு: பிடிக்காதவர்

பிடித்தலைக் கற்றுக்கொடுப்பவர்கள் முதலில் சொல்வது இரண்டு கைப் பிடி. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, உடல் தட்டின் வழியில் நேராக. நெஞ்சருகே வந்ததும் பஜனையில் தாளம் போடுவது போல இரு உள்ளங்கைகளையும் சேர்த்துவிட வேண்டும். தலைக்கு மேலே வந்தால் விளிம்பைப் பற்ற வேண்டும், கட்டைவிரல் கீழே. முழங்காலுக்குக் கீழே வந்தால் கட்டைவிரல் மேலே. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும்போது கட்டைவிரல் எங்கே என்று யோசிக்க ஆரம்பித்தவரின் வயிற்றில் தட்டு முட்டிக்கொள்கிறது. அவருக்காகத்தான் தாளப் பிடி.

தவறவிடுதலில் மூன்று வகைகளை வகுத்துக் காட்டலாம். முதலாவது முன்தாளம்: தட்டு வந்து சேரும் முன்பே கைகள் சேர்ந்துவிடுவது. இரண்டாவது முன்னோட்டம்: பிடித்த பிறகு யாருக்கு எறியலாம் என்று தேடும் கண்கள், பிடிப்பதற்கு முன்பே தேடத் தொடங்கிவிடுவது. மூன்றாவது ஒற்றைக் கை: இரண்டு கைகளும் வேலையின்றி இருக்க, ஒரு கையை மட்டும் நீட்டுவது. தட்டு சுழன்றுகொண்டே வருவதால் நுனிவிரலில் பட்டதும் திருகிக்கொண்டு நழுவிவிடும். வேடிக்கை பார்ப்பவர்கள் கூடக்கூட மூன்றாம் வகையும் கூடுகிறது என்பதைக் கடற்கரையில் எவரும் சரிபார்க்கலாம்.

முன்னாய்வுகளில் விடுபட்ட இடத்தை இங்கே நிரப்புபவை நாய்கள். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே அலெக்ஸ் ஸ்டைன் என்ற மாணவர் தம் நாய் ஆஷ்லி விப்பெட்டுடன் வேலி தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார். அவர் எறிய எறிய அது பாய்ந்து பாய்ந்து பிடித்தது. ஆட்டம் நின்றது; கூட்டம் ஆரவாரித்தது. ஸ்டைனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எறிந்தவர் கைதானார், பிடித்தவர் கொண்டாடப்பட்டார் என்பது நம் சிக்கலுக்கு முக்கியமான முன்தீர்ப்பு.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல், டென்னிஸ் ஷாஃபர், மைக்கேல் மெக்பீத் உள்ளிட்ட உளவியலாளர்கள் நாய்களின் தலையில் சிறு கேமராவைக் கட்டி, தட்டைத் துரத்தும்போது அவை எதைப் பார்க்கின்றன என்று பதிவு செய்தார்கள். தட்டு எங்கே விழும் என்று நாய் கணக்குப் போடுவதில்லை. தன் பார்வையில் தட்டு ஒரே நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் நகர்வதாகத் தெரியும்படி தன் ஓட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தட்டு வழி மாறினால் மறுபடி புதிதாக ஆரம்பிக்கிறது. பேஸ்பாலில் உயரப் பந்தைப் பிடிக்க ஓடும் மனிதர்கள் கையாளும் வழியும் இதுதான். புதியவரோ தட்டு எங்கே வரும் என்று ஓர் இடத்தைத் தீர்மானித்து, அங்கே போய் நின்று, அது வேறெங்கோ இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் எடுக்காமல் ஓடுவது என்ற ஒரே பாடத்தில் நாய் தேறிவிடுகிறது.

மூன்றாம் தரப்பு: காற்று

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைகளில் அல்டிமேட் ஆடுபவர்களிடம் விழுந்த தட்டைப் பற்றி விசாரித்தால் கிடைக்கும் பொதுவான வாக்குமூலம், ‘காத்து தூக்கிடுச்சு மச்சான்’ என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. எதிர்க்காற்று தட்டைத் தூக்கி நிறுத்தும். பின்காற்று அதைத் தரையை நோக்கி அமுக்கும். பக்கக் காற்றில் அடிப்பாகம் தெரியும்படி சாய்த்து விட்டால் தட்டு கேட்காமலே தூரம் போகும். கோடையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று சாயங்காலம் வரை நிற்பதில்லை. அதனால்தான் விவரமானவர்கள் பயிற்சிக்கு விடியற்காலையில் வந்துவிடுகிறார்கள்.

எனினும் காற்றைக் குற்றவாளியாக்குவதில் ஒரு தர்க்கச் சிக்கல் உண்டு. தட்டு அழகாகப் போய்க் கைசேரும்போது அதே காற்றுக்கு எவரும் நன்றி சொல்வதில்லை.

தட்டையே நான்காம் தரப்பாகச் சேர்க்கும் முயற்சியும் நடந்ததுண்டு, வழக்கு நிற்கவில்லை. வாம்-ஓவில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் 1964-இல் அதன் வடிவைத் திருத்தி, மேற்புறத்தில் வளைய வரிகளை ஏற்றி, பறத்தலை நிலைப்படுத்தினார்; 1967-இல் காப்புரிமையும் பெற்றார். 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே, அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன. இவ்வளவு ஈடுபாட்டோடு செய்யப்பட்ட பொருளின் மேல் பழி போடுவது முறையல்ல.

தீர்ப்பு

அல்டிமேட்டில் வழக்கமாகத் தீர்ப்புச் சொல்ல ஆளே இல்லை. உலகச் சாம்பியன் போட்டிகளிலும் நடுவர் கிடையாது. தள்ளிவிட்டார் என்று ஒருவர் குரல் கொடுத்தால் ஆட்டம் நிற்கும். சம்பந்தப்பட்ட இருவரும் பேசுவார்கள். உடன்பாடு இல்லையென்றால் பெரும்பாலும் தட்டு முந்தைய கைக்கே திரும்பிப் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணியின் நடத்தைக்கு மதிப்பெண் போடுகிறது: விதியறிவு, உடல் மோதல், நியாய உணர்வு, மனப்பாங்கு, பேச்சுமுறை என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் நான்கு வரை. பிறகு இரு அணியினரும் தோளில் கைபோட்டு வட்டமாக நின்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதும் வழக்கம். எதிரணியோடு இவ்வளவு நாகரிகமாக நடக்கும் ஏற்பாடுகளைக் கொண்ட ஆட்டம், சொந்த அணிக்காரர் கீழே போட்ட தட்டைப் பற்றி எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அந்த ஐந்து தலைப்புகளில் ஒன்றுகூட அதற்கில்லை.

ஆகவே இவ்வாய்வு பின்வரும் இடைக்கால அளவுகோலை முன்வைக்கிறது. தட்டு பிடிப்பவரின் இரு கைகளையும் தொட்டு விழுந்தால் பிழை அவருடையது. ஒரு கையைத் தொட்டால், மற்ற கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று விசாரிக்க வேண்டும். எந்தக் கையையும் தொடாமல் பக்கத்தில் சுண்டல் விற்பவரின் தூக்கை நோக்கிப் போனால் எறிந்தவரே பொறுப்பு, சுண்டலுக்கும் சேர்த்து.

மேலாய்வுக்கு

இரு தரப்பையும் சாராத நிபுணர் சாட்சியாக நாயை அழைக்கலாமே என்ற யோசனை தகுதியானது. ஆனால் நாய்க்குப் பிடிக்க மட்டுமே தெரியும், எறியத் தெரியாது. ஆகவே அது இரண்டாம் தரப்புக்கு உறவுமுறை என்று எறிபவர்கள் உடனே ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு ஆய்வைத் தொடரலாம்.