எடிஷன் அண்ணன்

மருத்துவக் கல்லூரி விடுதியில் மெஸ் செக்ரட்டரிக்குத் தேர்தல் உண்டு. விளையாட்டுச் செயலாளருக்கும் உண்டு. யாரும் முன்மொழியாமல், யாரும் வழிமொழியாமல் பதவிக்கு வருகிறவர் ஒருவர்தான். இரண்டாம் ஆண்டுக்குள் நுழையும் பையன்கள் என்ன புத்தகம் வாங்க வேண்டும் என்று சொல்லும் சீனியர். எங்கள் மைக்ரோபயாலஜி துறையில் அவருக்கு எடிஷன் அண்ணன் என்று பெயர். ஒருவர் ஹவுஸ் சர்ஜன் ஆகி ஒதுங்கினால் அடுத்த ஜூலைக்குள் இன்னொருவர் தானாக முளைத்துவிடுவார்.

மற்ற பாடங்களில் அவருக்கு வேலை குறைவு. பேத்தாலஜி என்றால் ராபின்ஸ். ஃபார்மகாலஜி என்றால் கே.டி. திரிபாதி. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லாததால் அண்ணனுக்கு அந்தப் பாடங்கள்மேல் மரியாதையும் இல்லை. மைக்ரோபயாலஜிதான் அவருடைய கோட்டை. அனந்தநாராயணனும் ஜெயராம் பணிக்கரும் சேர்ந்து எழுதி 1978இல் முதற்பதிப்பு கண்ட தடித்த புத்தகம் ஒரு பக்கம். பாயின்ட் பாயின்ட்டாக, கட்டம் கட்டமாக எழுதப்பட்ட அபூர்பா சாஸ்திரி இன்னொரு பக்கம். நடுவில் பவேஜா, அரோரா. கொஞ்சம் ஆங்கிலப் படம் பார்க்கிற பையனென்றால் ஜாவெட்ஸ், லெவின்சன். ஒட்டுண்ணிகளுக்குத் தனியாக சாட்டர்ஜி. இத்தனை பேரில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நிற்கிற பையன் கடைசியில் அண்ணனின் அறைக் கதவைத் தட்டுவான்.

அண்ணன் உடனே பெயர் சொல்லிவிட மாட்டார். முதலில் விசாரணை.

"தம்பி, நீ பாஸ் பண்ணணுமா, படிக்கணுமா?"

"ரெண்டும்தான் அண்ணா."

"ரெண்டும்னா ரெண்டு புத்தகம் வாங்கணும்."

அந்த அறையை ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டில், கட்டிலின் மேல் துவைக்காத வெள்ளைக் கோட்டு, மேசைக்கு மேலே மரத்தட்டு. தட்டில் மேலே சொன்ன அத்தனை பேரும் கண்ணாடி பிளாஸ்டிக் அட்டை போட்டுக்கொண்டு உயர வரிசையில் நிற்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் உள்ளே புது வாசனை அப்படியே இருக்கும். முதல் மூன்று பக்கங்களில் மஞ்சள், பச்சை, ரோஜா என்று மூன்று நிற ஹைலைட்டர். நான்காம் பக்கத்தில் மஞ்சள் மட்டும். ஐந்தாம் பக்கத்திலிருந்து அச்சகம் எப்படிக் கொடுத்ததோ அப்படி. ஆனால் முன்னுரையைப் பாருங்கள்: விளிம்பெல்லாம் பென்சில் குறிப்பு. எந்தப் பதிப்பில் எந்த ஆசிரியர் விலகினார், யார் புதிதாக வந்து சேர்ந்தார், எந்தப் பதிப்பிலிருந்து படங்கள் வண்ணமாயின, எந்தத் தாளில் ஹைலைட்டர் போட்டால் பின்பக்கம் ஊறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நிமோகாக்கஸ் பற்றிக் கேட்டால் மட்டும், "அது இந்தப் புத்தகத்துல நல்லா இருக்கு தம்பி" என்று பக்க எண்ணைச் சொல்லுவார்.

பழைய பதிப்பு போதுமா, புதிது வேண்டுமா என்ற கேள்விக்கு அவரிடம் இருப்பது ஒரே பதில்: "போன எடிஷனோட எல்லாம் போச்சு." சொல்லும் காரணம் என்னவோ அட்டை, அச்சு என்று போகும். ஆனால், நியாயமாகச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பக்கம்தான் உண்மை இருக்கிறது. 1978 பதிப்பில் எச்.ஐ.வி. இருந்திருக்க வழியே இல்லை. அப்படி ஒன்று இருப்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரிடம் பட்டமேற்படிப்பு படித்த நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் அது இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. காலரா கொள்ளைநோய் என்றால் ஓ1 வகைதான் என்று உலகம் எழுதி வைத்திருந்ததை, 1992இல் இதே சென்னையில் தலைகாட்டிய ஓ139 வந்து அடிக்கவைத்தது. கிருமிகள் சும்மா இருந்தாலும் பெயர் வைக்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி 2016இல் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் ஆகிவிட்டது. முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படும் புரோபியோனிபாக்டீரியம் ஏக்னிஸுக்கு இப்போது கியூட்டிபாக்டீரியம் என்று பெயர். பரு பழைய இடத்திலேயேதான் வருகிறது.

இது போதாதென்று 2019இல் மருத்துவக் கவுன்சில் பாடத்திட்டத்தையே புரட்டிப் போட்டது. முன்பு கிருமிவாரியாகப் படிப்போம். ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் ஒரு அத்தியாயம், படித்து முடித்தால் விட்டது. இப்போது உறுப்புவாரி: ரத்தம், வயிறு, தோல், மூளை, நுரையீரல் என்று. அதே ஸ்டஃபைலோகாக்கஸ் தோலில் ஒரு முறை, எலும்பில் ஒரு முறை, இதய வால்வில் ஒரு முறை என்று, ஒரே ஆள் நாலு தெருவில் வாக்காளர் பட்டியலில் இருப்பதுபோல வந்துகொண்டே இருக்கும். பதிப்பகங்களும் அதற்கேற்பப் புத்தகங்களை மாற்றி அடுக்கின. அண்ணனுக்கு அது பொற்காலம். இரண்டு தலைமுறையாகக் கைமாறி வந்த புத்தகங்களையெல்லாம் ஒரே மூச்சில் செல்லாது என்று அறிவிக்கிற வாய்ப்பு எல்லா அண்ணன்களுக்கும் கிடைத்துவிடாது.

ஆனாலும் அவருடைய உண்மையான காதல் இம்யூனாலஜிதான்.

எம்.பி.பி.எஸ்.ஸில் அது தனிப் பாடம் இல்லை. மைக்ரோபயாலஜியின் ஒரு பகுதியாக ஒண்டிக் குடித்தனம். பரீட்சையில் அதற்கு வருகிற கேள்விகளும் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்: ஆன்டிபாடியின் வடிவம், காம்ப்ளிமென்ட், கெல்லும் கூம்ப்ஸும் 1963இல் நான்காகப் பிரித்த ஹைப்பர்சென்சிட்டிவிட்டி. கையிலிருக்கிற மைக்ரோ புத்தகத்திலேயே இதெல்லாம் இருக்கிறது. அண்ணனோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இம்யூனோக்கு மட்டும் தனியா ஒண்ணு வச்சுக்கோ" என்பார். அந்த ஒன்று எது என்பதில் அவருக்கு வாராவாரம் ஞானோதயம். ஜேனிஸ் கூபி 1992இல் எழுதியது என்றால் பரிசோதனைகள் நன்றாக விளங்கும். ராய்ட் 1971இலிருந்து நிற்கிற புத்தகம். அப்பாஸ் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. ஜேன்வே ஏறத்தாழ 900 பக்கம். "ஜேன்வே படிச்சா கான்செப்ட் அப்படியே உள்ள போயிடும் தம்பி." இரண்டு குறுவினாவுக்காக 900 பக்கம்.

அவருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழியை இங்கே சொல்லிவிடுகிறேன், கேட்டால் மனம் உடைந்துபோவார். பேத்தாலஜிக்கு எப்படியும் வாங்குகிற ராபின்ஸின் ஆசிரியர் வரிசையில் இருக்கிறவர் அதே அப்பாஸ்தான். அதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கென்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று.

இம்யூனாலஜிக்கு நல்ல புத்தகம் தேடி மாணவர்கள் அலைவதில் தப்பில்லை, பாடம் அப்படி. காம்ப்ளிமென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சி1 முதல் சி9 வரை புரதங்கள். கிளாசிக்கல் பாதையில் அவை வேலை செய்கிற வரிசை: ஒன்று, நான்கு, இரண்டு, மூன்று, பிறகு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுத்துவிட்டார்கள். அவை வேலை செய்கிற வரிசை பின்னால்தான் புரிந்தது. நல்ல புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பையன் சிரித்துக்கொண்டே ஞாபகம் வைத்துக்கொள்வான். சொல்லாத புத்தகத்தைப் படித்தவன் தனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்று பயந்துபோவான். ஒரு பாடப்புத்தகத்தைக் கடையில் நின்று எடைபோட எனக்குத் தெரிந்த வழி இதுதான்: காம்ப்ளிமென்ட் பக்கத்தைத் திறந்து இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது. அண்ணன் தாளைத் தடவிப் பார்ப்பார்.

சில சமயம் ஊரிலிருந்து அப்பாவே போனில் வருவார், ஸ்பீக்கரில்.

"தம்பி, எது நல்ல புக்கோ அதையே வாங்கிக்கச் சொல்லுங்க. காசைப் பாக்க வேண்டாம்."

"அப்பா, அப்படி ஒரே புக்குன்னு சொல்ல முடியாதுங்கப்பா."

அந்த அப்பா சாயங்காலமே பணம் அனுப்பிவிடுவார். மைக்ரோ புத்தகம், ஒட்டுண்ணிப் புத்தகம், இம்யூனாலஜி புத்தகம், பிராக்டிகல் மேனுவல் என்று பையனின் மேசை நிறைந்துவிடும். பிறகு அவன் மேரோ செயலியில் வீடியோ பார்த்துப் படிப்பான்.

இத்தனைக்கும் அடியில் விடுதியில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்கிற முதல் கேள்வி, "எந்தப் புத்தகம் படிக்கிறாய்?" என்பது. அதற்குச் சொல்லும் பதிலில்தான் மார்க் இருக்கிறது என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். அண்ணனிடம் இதற்கென்றே வாய்ப்பாடு உண்டு. எக்ஸாமினருக்குத் தலை நரைத்திருந்தால் அனந்தநாராயணன். டை அடித்திருந்தால் சாஸ்திரி. வெளிநாடு போய் வந்தவரென்றால் ஜாவெட்ஸ். வழுக்கையென்றால் பொதுவாக, "ஸ்டாண்டர்ட் டெக்ஸ்ட்புக்ஸ் சார்."

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வெள்ளைக் கோட்டுக்குள் வியர்த்து வழிய, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்து உட்காருகிற பையனை வாய் திறக்க வைப்பதற்காகக் கேட்கிற கேள்வி அது. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் அதற்கும் பாயின்ட் தேடுவான் என்பதால் புத்தகத்தைக் கேட்கிறோம்.

பதில் எங்களுக்குத் தேவையும் இல்லை. என்ன படித்தான் என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். காசநோய் பற்றிக் கேட்டதும் 1882, ராபர்ட் காக் என்று சரித்திரத்திலிருந்து தொடங்குகிறவன் அனந்தநாராயணன் படித்தவன். நோயாளியிடம் வந்துசேர நேரமாகும். விரலை மடக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று அடுக்கி, ஆறாவது பாயின்ட்டில் விரல் போதாமல் தடுமாறுகிறவன் சாஸ்திரி. கூரையைப் பார்த்துக் கண்ணை மூடி எதையோ தேடித் தேடி ஒவ்வொன்றாகச் சொல்கிறவன் ஸ்கெட்சி வீடியோ. அவன் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் யார் கையில் என்ன இருந்தது என்று பார்த்துச் சொல்கிறான். எதைக் கேட்டாலும், "சார், இது போன வருஷமே வந்துடுச்சு" என்று முகம் சுருங்குகிறவன் கொஸ்டின் பேங்க். பச்சையாக இருக்கும் எல்.ஜே. மீடியத்தைக் கையில் கொடுத்து, ஏன் பச்சை என்றால், மாலக்கைட் கிரீன் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதை எதற்குப் போட்டார்கள் என்று கேட்டால், மற்ற கிருமிகளை முளைக்கவிடாமல் தடுக்க என்று சொல்ல, ஏதாவது ஒரு புத்தகத்தைப் படித்தவன் வேண்டும். எதுவானாலும் சரி.

அப்படியானால் இவர்களெல்லாம் எதைப் படித்துத்தான் தேறுகிறார்கள்? அக்காவின் நோட்டை.

எல்லா பேட்ச்சிலும் அப்படி ஓர் அக்கா இருப்பார். யாருக்கும் புத்தகம் சிபாரிசு செய்ததில்லை. ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்து, அதையே இரண்டு முறை படித்து, வகுப்பில் சொன்னதைச் சேர்த்து, கோடு போட்ட நோட்டில் கறுப்பு, நீலம், பச்சைப் பேனாவில் எழுதி வைத்திருப்பார். அதன் ஜெராக்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்று ஆண்டுக்கணக்காக ஓடும். பரீட்சைக்கு முந்தின இரவு அறை அறையாகக் கதவைத் தட்டி அதை விநியோகிக்கிறவர் எடிஷன் அண்ணனேதான். "புத்தகமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, இதை ஒரு ஓட்டு ஓட்டிடு."

ஒரு வருஷம் விடைத்தாள் திருத்தும்போது, கட்டுக் கட்டாக எல்லாத் தாளிலும் சி8 கன்வர்டேஸ் என்று இருந்தது. அப்படி ஒரு என்சைம் உலகத்தில் கிடையாது. சி3 கன்வர்டேஸ் உண்டு, சி5 கன்வர்டேஸ் உண்டு. முதலில் நான்கூடப் புதிதாக ஏதும் கண்டுபிடித்துவிட்டார்களோ என்று கூகிளில் தேடினேன். பிறகுதான் ஒரு பையன் மாடிப்படியில் தவறவிட்டுப் போன ஜெராக்ஸ் கைக்கு வந்தது. அக்கா சரியாகத்தான் எழுதியிருந்தார். மெஷின் மையில் ஊறி ஊறி மூன்று எட்டாகியிருந்தது. ஒரு பேட்ச் முழுக்க அதை நம்பி எழுதிவிட்டது. அலமாரியில் ஜேன்வே, அப்பாஸ், கூபி மூவரும் மூன்று என்று சொல்லிக்கொண்டு நிற்க, யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் எப்படியும் தேறிவிடுவார். பட்டமேற்படிப்புக்கு ரேடியாலஜி கிடைக்கும். அங்கே போய் அந்தப் பாடத்துக்கு எது நல்ல புத்தகம் என்று பார்க்கத் தொடங்குவார். அதற்கு முன் ஒரு நாள் மைக்ரோ புத்தகங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து அல்லிக்குளத்துக்கு வருவார். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் வந்து உட்கார்ந்தன. மற்ற பையன்களின் புத்தகங்களில் அடிக்கோடு, டீக்கறை, மடித்த மூலை எல்லாம் இருக்கும். கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அண்ணனுடையதைப் புரட்டிப் பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஹைலைட்டர் பட்ட பக்கங்களைத் தாண்டியதும் கன்னித்தாள். பேட்ச்சிலேயே நல்ல விலை கிடைப்பது அவருக்குத்தான்.

பணத்தை எண்ணிக் கொடுத்த கடைக்காரர், டாக்டராகப் போகிற பையனாயிற்றே என்று ஒரு வார்த்தை கேட்பார்:

"தம்பி, இந்த வருசம் பசங்க எதைக் கேட்டு வருவாங்க? எதை வாங்கிப் போடலாம்?"

அண்ணன் ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிடுவார்.

"அண்ணே, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் போடுங்க. பாஸ் பண்றவங்களுக்குக் கேக்கறீங்களா, படிக்கறவங்களுக்குக் கேக்கறீங்களா?"