கரையானும் நாலே முக்கால் அங்குலச் சோழரும்

தமிழ்நாட்டின் முதல் என்கோடர் கரையான்தான். சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து தேவார ஏடுகளை நிதானமாகச் சுருக்கியது. பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று தீட்சிதர்கள் சொல்லிவிட, ராஜா மூவரின் சிலைகளையே ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார் என்கிறது திருமுறை கண்ட புராணம். பாஸ்வேர்டை மறந்தவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய உத்தி. புற்றில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனாலும் கரையானுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். தின்றதைத் தின்றது, விட்டதை விட்டது. மிஞ்சிய பாட்டை இழுத்து நீட்டி ஏட்டை நிரப்பவில்லை. பின்னால் வந்த மனிதர்களிடம் அந்த ஒழுக்கம் இல்லை.

அந்த ராஜா ராஜராஜ சோழன்தான் என்பது பொதுநம்பிக்கை. 1973இல் அவர் சிவாஜி கணேசனாக மறுபடி வந்தார். ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். படம் பிடிக்கும்போது லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் அடைக்கும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துவிடும். உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35. பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சோழப் பேரரசர் பட்டினி கிடந்தவர்போல நெட்டையாக, ஒல்லியாக நிற்பார். யானைப்படைக்கும் அதே கதிதான்.

பிரான்ஸின் ஆன்ரி கிரெத்தியென் யோசித்த இந்த வித்தையை, டிவிக்குப் பயந்த ஹாலிவுட் 1953இல் கையில் எடுத்தது. வீட்டுப் பெட்டிக்குள் அடங்காத அகலத்தில் படம் காட்டினால் ஜனங்கள் தியேட்டருக்கு வருவார்கள் என்று கணக்கு. நாம் என்ன செய்தோம்? அதே படத்தை அதே பெட்டிக்குள் திணித்தோம். அந்தக் காலத்து டிவிக்கு நாலுக்கு மூன்று விகிதம். எழுத்து போடும்வரை எல்லோரும் ஒல்லி. இயக்குநர் பெயர் மறைந்த மறுநொடி எல்லோருக்கும் சதை போடும், ஆனால் ஓரத்தில் நின்ற மந்திரிகள் காணாமல் போவார்கள்.

2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சியைக் கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலம். அகலம் சுமார் 11.2 அங்குலம் என்றால், சினிமாஸ்கோப் படத்தை முழுசாகக் காட்ட மிஞ்சும் உயரம் நாலே முக்கால் அங்குலம். 216 அடி விமானம் எழுப்பியவருக்கு அவ்வளவுதான் ஒதுக்கீடு! மேலும் கீழும் கறுப்புப் பட்டை. செம்மங்குப்பத்துப் பெரியப்பா ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே எழுதிவிட்டார்: “கவர்மெண்டு முழு டிவிதான்டா குடுத்துச்சி. பாதியை இந்தக் கேபிள்காரன் அமுக்கிட்டான்.”

கறுப்புப் பட்டையைச் சகிக்காத இந்த மனசுதான் நம் காட்சி வரலாற்றையே நடத்தியது என்பேன். தட்டை டிவிகள் வந்து விகிதம் 16க்கு 9 ஆனதும், பழைய நாலுக்கு மூன்று நிகழ்ச்சிகளை ஓரத்துக்கு ஓரம் இழுத்து நிரப்பினோம். செய்தி வாசிப்பவர்கள் ஒரு வாய் சோறு கூடுதலாகத் தின்னாமலே மூன்றில் ஒரு பங்கு பருத்தார்கள்.

பிறகு 2020. ஊரடங்கு. வாத்தியார்கள் எல்லோரும் ஏ.பி. நாகராஜன் ஆனார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் 1366க்கு 768 திரையில் வட்டம் வரைந்து, அதை அப்படியே பதிவுசெய்து, வாட்ஸ்அப்பில் போக வேண்டுமே என்று 640க்கு 480 ஆக்கினார். அகலம் ஒரு கணக்கில் சுருங்கியது, உயரம் வேறு கணக்கில். வட்டம் நிமிர்த்தி வைத்த கோழிமுட்டை ஆனது. அதன் நடுவே அவர் குரல் சத்தியம் செய்கிறது: மையத்திலிருந்து எல்லாப் புள்ளியும் சம தூரம்.

வைத்தியம் என்னவோ சுலபம்தான். அகலம் 640 என்று மட்டும் சொல்லிவிட்டு உயரத்தை மென்பொருளிடமே விட வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் உயரத்துக்குப் பதில் மைனஸ் இரண்டு என்று எழுதினால் விகிதமும் கெடாது, இரட்டைப்படை எண்ணும் கிடைக்கும். இரட்டைப்படை எதற்கு? வழக்கமான வீடியோவில் நாலு புள்ளிக்கு ஒரே நிறம்தான் ரேஷன்; ஒற்றைப்படையில் வந்தால் பங்கு பிரிக்க முடியாதென்று வீடியோவைச் சுருக்கும் என்கோடர் கையை விரித்துவிடும். 640க்கு 360 வந்தது. 480தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் மேலே 60, கீழே 60 கறுப்பு.

அப்படியே செய்து அனுப்பினார். வட்டம் வட்டமாக இருந்தது. அஞ்சு நிமிடத்தில் குரூப்பில் முதல் பதில்: “சார், வீடியோ பாதிதான் வந்திருக்கு. மேலயும் கீழயும் கட் ஆயிடிச்சி. மறுபடி அனுப்புங்க சார்.”