மயில்கழுத்து நிறம் எங்கே போனது?

கேள்வி: எங்கள் அம்மன் கோயில் கொடையில் எடுத்த படம். போட்டோகிராபரின் கம்ப்யூட்டரில் பட்டுப்பாவாடை மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. வேறொரு சாஃப்ட்வேரில் திறந்தால் வெளுப்பு, சிவகாசியில் அச்சடித்த காலண்டரில் மங்கல். ஒரே படம்தானே?
– ஒரு வாசகர், இளையரசனேந்தல்

பதில்: படம் ஒன்றுதான், படிதான் வேறு! ‘ரெண்டு படி அரிசி’ என்றால், பெரிய படியா சின்னப் படியா என்று கேட்போமில்லையா? கோப்புக்குள் இருப்பவை வெறும் எண்கள். பச்சை 200 என்றால் எந்தப் பச்சை என்று சொல்வது அதோடு ஒட்டியிருக்கும் கலர் புரொஃபைல். அடோபி ஆர்ஜிபி என்ற பெரிய படியில் சேமித்த படத்தை, புரொஃபைலைப் பார்க்கவே பார்க்காத சாஃப்ட்வேர் எஸ்ஆர்ஜிபி என்ற சின்னப் படி என நினைத்துக் காட்டும். உடனே வெளுப்பு.

வாட்ஸ்அப்புக்கும் இணையத்துக்கும் எஸ்ஆர்ஜிபியே போதும். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த பொதுப்படி அது. போட்டோஷாப்பில் ‘கன்வெர்ட் டு புரொஃபைல்’ கொடுங்கள். ‘அசைன்’ பக்கம் போகாதீர்கள்: கன்வெர்ட் எண்ணை மாற்றி நிறத்தைக் காக்கும், அசைன் எண்ணை வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றிவிடும்.

காலண்டர் கதை வேறு. திரையில் ஒளி, அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நாலே மை. மயில்கழுத்தின் அந்தப் பளபளப்பு நாலு மைக்குள் முழுசாக அடங்காது. அச்சகத்தில் அவர்களுடைய புரொஃபைலைக் கேட்டு வாங்கி, ‘புரூஃப் கலர்ஸ்’ போட்டுத் திரையிலேயே பார்த்துவிடுங்கள். அச்சுக்கு மாற்றுவதைக் கடைசி வேலையாக வையுங்கள்; மூலப்படத்தைத் தனியே பத்திரப்படுத்துங்கள், அடுத்த கொடைக்கும் வேண்டுமே!